சகோதரி தல்ஹாவின் பங்களிப்பு

தான் ஒரு பெண் என்ற விஷயம் தல்ஹாவுக்கு முப்பத்து நாலாவது வயதில், ராஸ் எல்-ஹூத் நகராட்சி அலுவலகத்தின் இரண்டாம் ஜன்னலில் தெரியவந்தது.

அதுவரை அவனுக்கு அப்படி ஒரு சந்தேகமே வந்ததில்லை. ஊர் மேல்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். ஆறடிக்கு ஒரு விரல்தான் குறைவு. மீசை, அவன் வகுப்புக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நுழைந்துவிடும். அப்பேர்ப்பட்டவன் தன் வருங்கால மனைவி துர்ஸாஃபைக் கூட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் பதிவு செய்யப் போன இடத்தில், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த குமாஸ்தா மொங்கி, கணினித் திரையைப் பார்த்து வாசித்தார்.

"மணமகள் தல்ஹா. மணமகன் துர்ஸாஃப். சரிதானே?"

"மாத்திச் சொல்றீங்க, சி மொங்கி." அந்த ஊரில் ஆண்களுக்கு 'சி', பெண்களுக்கு 'லல்லா' என்று மரியாதை.

"நான் எங்க சொன்னேன்? யாஸ்மின் சொல்லுது."

யாஸ்மின் என்பது அந்தக் கடலோரத்து நகராட்சிகள் கல்யாணம் பதிவதற்கு வைத்திருக்கும் மென்பொருள். நல்ல பண்பு உள்ளது. ஒருவரைப் பார்த்து நீங்கள் ஆணா பெண்ணா என்று கேட்பது நாகரிகமில்லை என்பது அதை எழுதியவர்களின் எண்ணம். அதனால் அது யாரையும் கேட்பதில்லை. தானே முடிவு செய்துவிடும். அரபியில் பெயரின் கடைசியில், தலையில் இரண்டு புள்ளி வைத்த வட்ட எழுத்து வந்தால் பெண். வராவிட்டால் ஆண். ஃபாத்திமாவுக்கும் கதீஜாவுக்கும் இது கச்சிதமாகப் பொருந்தியது. தல்ஹாவின் பெயரிலும் அந்த எழுத்து இருந்தது. துர்ஸாஃபின் பெயரில் இல்லை.

துர்ஸாஃப் துறைமுகத்து ஐஸ் ஃபேக்டரியில் லாரிகளை வரிசைப்படுத்தி அனுப்புகிறவள். லாரி ஓட்டுநர்களோடு பேசிப் பேசி அவள் குரலும் கொஞ்சம் ஹாரன் மாதிரி ஆகியிருந்தது.

"அப்ப ஹம்ஸா, உஸாமா எல்லாம் எப்படிக் கல்யாணம் பண்ணிக்கிறாங்க? அவங்க பேர்லயும் அதே எழுத்துதானே இருக்கு?"

"அவங்களுக்கு விலக்கு இருக்கு, லல்லா துர்ஸாஃப். நிறைய ஹம்ஸாக்கள் சண்டை போட்டு வாங்கினாங்க. தல்ஹாக்கள் அவ்வளவா யாரும் வரல."

"காகிதத்துல எழுதிக் குடுங்களேன்."

"காகிதப் பதிவேட்டைப் போன வருஷமே பாட்டுக் கச்சேரி வச்சு மூடிட்டோமே. நீங்க வரலியா? மீன் வறுத்துப் போட்டாங்க."

"நோட்டரிகிட்ட போனா?"

"போகலாம். அவரும் கடைசில யாஸ்மின்லதான் ஏத்தணும்."

தல்ஹா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "சரி, நீங்களே ஒரு பட்டனைத் தட்டி மாத்திடுங்க."

"பட்டன் இல்ல," என்றார் மொங்கி. அப்புறம் அவர் முகம் மலர்ந்தது. "ஆனா இது திறந்த மூலம், சி தல்ஹா! இதோட உள்ளே என்ன எழுதியிருக்குன்னு நாட்டுல யாரு வேணாலும் பார்க்கலாம், யாரு வேணாலும் திருத்தி அனுப்பலாம். நீங்களே திருத்துங்க! காசு குடுத்து வாங்கின மென்பொருள்ல இந்தச் சுதந்திரம் உண்டா?"

"இதுக்கு முன்னால யாராவது அனுப்பியிருக்காங்களா?"

"அனுப்பிக்கிட்டேதான் இருக்காங்க!" மொங்கியின் குரலில் பெருமை வழிந்தது. "இல்லேன்னா இப்படியே நடத்திடலாம். உங்க கல்யாணத்துல யாஸ்மினுக்கு ஒரு ஆட்சேபமும் இல்ல. ஆட்சேபம் பண்றது நீங்கதான்."

கல்யாணம் ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை. மண்டபம் குளிர்காலத்திலேயே சொல்லி வைத்தாயிற்று. மேளக்காரர்கள் மஹ்தியாவிலிருந்து வருகிறார்கள். துர்ஸாஃபின் மாமா மார்செய்யிலிருந்து காரின் தலையில் ஒரு குளிர்பதனப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறத் தயாராக இருக்கிறார். இத்தனைக்கும் நடுவில் குறுக்கே நிற்பது ஓர் எழுத்தும் அதன் தலையில் இரண்டு புள்ளிகளும்.

கணினிப் பாடம் எடுக்கும் லொத்ஃபி, தல்ஹாவுக்குப் பள்ளியில் பக்கத்து நாற்காலிக்காரன். இருவரும் காபிக் கடையில் உட்கார்ந்து யாஸ்மினின் இணையப் பக்கத்தைத் திறந்தார்கள். "உங்கள் பங்களிப்பே எங்கள் மூச்சு. வாருங்கள்!" என்று முகப்பிலேயே எழுதியிருந்தது. லொத்ஃபி உள்ளே போய், தேநீர் ஆறுவதற்குள் அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டான்.

"இதோ பாரு. ஹம்ஸா, உஸாமா, அப்புறம் ஒரு காற்புள்ளி. இந்த வரிசையில உன் பேரைச் சேர்த்தா நீ ஆம்பள. ஒரே ஒரு சொல்."

சேர்த்தான். அனுப்பினான். தேநீரில் மிதந்த பாதாம் பருப்பை லொத்ஃபி விரலால் எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. கையெழுத்து: புல்புல்.

"அன்புச் சகோதரி தல்ஹா! உங்கள் முதல் பங்களிப்பைக் கண்டு எங்கள் உள்ளம் துள்ளுகிறது. அது நிராகரிக்கப்பட்டது."

"யாரு இந்த புல்புல்?"

"ரோபோ. வாசல்ல நிக்கறது. அதைத் தாண்டினாத்தான் மனுஷங்க வருவாங்க."

"மனுஷங்க பரவாயில்லையா?"

லொத்ஃபி பாதாமை மென்றுகொண்டே யோசித்தான். "அப்படியெல்லாம் சொல்லிட முடியாது."

பக்கத்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த கடைக்காரர் 'சகோதரி' என்ற சொல்லைக் காதில் போட்டுக்கொண்டுவிட்டார். மறுநாளிலிருந்து, "லல்லா தல்ஹா, உங்க காபி!" என்ற கூவல் தெருமுனை மீன்கடை வரை கேட்டது.

புல்புல் நிராகரித்ததற்குக் காரணம் உறுதிமொழிப் பத்திரம் இல்லாதது. "நான் அனுப்பும் ஒவ்வொரு சொல்லும் என் சொந்த ஆக்கம், வேறு எவரிடமிருந்தும் எடுத்ததல்ல" என்று அதில் கையெழுத்திட வேண்டும். தல்ஹா நேர்மையான ஆள். பேனாவை எடுத்தவன் யோசித்தான். அனுப்பியதே ஒரு சொல். அதுவும் தான் உண்டாக்கியதில்லையே? "என் தகப்பனார் வைத்தது" என்று கீழே எழுதி அனுப்பினான். உடனே பதில் வந்தது. அப்படியானால் மூல ஆசிரியர், அதாவது தகப்பனார், அந்தச் சொல்லைப் பயன்படுத்த அனுமதி தர வேண்டும்.

தகப்பனார் ஹாஜ் கமைஸ் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் காகிதத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்த பிறகே நம்புவார்.

"என்னடா இது? உன் பேரை இவனுங்களுக்கு எழுதிக் குடுக்கணுமா?"

"இல்ல பாபா. உபயோகிக்க அனுமதி மட்டும்."

"நீ பொறந்தப்ப நகராட்சிக்குப் போனேன். தல்ஹான்னு சொன்னேன். பையனான்னு கேட்டான், ஆமான்னேன், எழுதினான். அந்த ஆளு வாயில இருந்த சிகரெட்டைக்கூட எடுக்கல, வேலை முடிஞ்சுது!"

திட்டிக்கொண்டே கையெழுத்திட்டார். ஆனால் அடியில், "பேரைக் கெடுக்கக் கூடாது" என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்துவிட்டார். நிபந்தனை உள்ள அனுமதியைச் சட்டக் குழு பரிசீலிக்க வேண்டும் என்றது புல்புல். சட்டக் குழு கோடை விடுமுறையில் இருந்தது. ஹாஜ் கமைஸ் நிபந்தனையில்லாமல் இன்னொரு பத்திரத்தில் கையெழுத்திட்டார். அப்போது சட்டக் குழுவினரின் தகப்பன்மார்களைப் பற்றி அவர் சொன்னதைப் பதிவு செய்ய எந்தப் பத்திரத்திலும் இடம் கிடையாது.

அதற்கப்புறம் மனிதர்கள் வந்தார்கள். பங்களிப்புகளைச் சரிபார்க்கும் இருவர்: தலைநகரில் அன்வர், மொன்ட்ரியாலில் வஜ்தி. பெயர்கள் அகர வரிசையில் இல்லை, சகோதரி முதலில் வரிசைப்படுத்தட்டும் என்றார் அன்வர். பெயர்ப்பட்டியல் என்பதே கேவலம், மொத்த மென்பொருளையும் புது மொழியில் முதலிலிருந்து எழுத வேண்டும், எழுதி முடிக்கிறவரை யாரும் எதையும் தொடக்கூடாது என்றார் வஜ்தி. எப்போது எழுதப்போகிறீர்கள் என்று அன்வர் கேட்டார். தொனி சரியில்லை என்று வஜ்தி புகார் கொடுத்தார். தல்ஹாவின் ஒற்றைச் சொல்லுக்குக் கீழே இருவரும் பரம்பரைப் பகைபோல நீட்டி முழக்கினார்கள். யாரோ மூன்றாவது ஆள் வந்து, காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடுவதா வேண்டாமா என்று புதுச் சண்டை ஒன்றைத் தொடங்கிவைத்துவிட்டுப் போனார்.

கடைசியில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்: "டெஸ்ட் இல்லாமல் எதையும் ஏற்க முடியாது. தல்ஹா ஆண் என்பதற்கு டெஸ்ட் இணைக்கவும்."

அந்த வாரம் பார்த்து லொத்ஃபி மாமனார் வீட்டுக்கு ஜெர்பா போயிருந்தான். மென்பொருளில் டெஸ்ட் என்றால் திருத்தத்தை ஓட்டிப் பார்க்கும் ஒரு குட்டி நிரல் என்று சொல்ல ஆளில்லை. தல்ஹா தனக்குப் புரிந்தபடி செய்தான்: காலையில் வெறும் வயிற்றோடு பரிசோதனை நிலையத்துக்குப் போய், சட்டைக் கையை மடித்து, இரத்தம் கொடுத்தான். "எதுக்கு டெஸ்ட்?" என்று கேட்ட பெண்ணிடம், "மென்பொருளுக்கு," என்றான். அவள் இன்னொரு குப்பி கூடுதலாக எடுத்தாள்.

அறிக்கையை இணைத்து அனுப்பினான். அன்வர் எழுதினார்: "டெஸ்ட் வந்து சேர்ந்தது. நன்றி, சகோதரி. சர்க்கரை சற்று அதிகம், கவனித்துக்கொள்ளவும்." வஜ்தி எழுதினார்: "போதாது. ஒரே ஒரு தல்ஹாவை வைத்துத்தான் சோதித்திருக்கிறார்கள்."

இதற்கிடையே அவர்களுடைய பதிலுக்காக இவன் காத்திருக்க, "சகோதரி தல்ஹா, உங்களிடமிருந்து அசைவே இல்லை. ஆர்வம் இழந்துவிட்டீர்கள் என்று கருதி இதை மூடவிருக்கிறோம்" என்று புல்புல் எழுதும். மூடாமலிருக்க இவன் ஏதாவது எழுத வேண்டும். "இருக்கிறேன்" என்று எழுதுவான். அடுத்த வாரமும் "இருக்கிறேன்." ஒரு தடவை கடலில் கழுத்தளவு தண்ணீரில் நிற்கும்போது ஞாபகம் வந்து, கரைக்கு ஓடிவந்து ஈரக் கையோடு "இருக்கிறேன்" என்று எழுதினான்.

துர்ஸாஃபின் பொறுமை போய்விட்டது. "தள்ளு. நான் அனுப்பறேன்." ஐஸ் ஃபேக்டரி அலுவலகத்திலிருந்தே அதே திருத்தத்தை அகர வரிசைப்படி, காற்புள்ளி இடைவெளியோடு தன் பெயரில் அனுப்பினாள்.

"அன்புச் சகோதரர் துர்ஸாஃப்! ஆண் பங்களிப்பாளர்கள் எங்களிடம் ஏற்கெனவே நிரம்பி வழிகிறார்கள். பெருந்தன்மையோடு சகோதரிகளுக்கு வழிவிட வேண்டுகிறோம்."

அவள் இரண்டு தடவை படித்தாள். "இத்தனை வருஷமா லாரிக்காரனுங்க என்னைப் பொம்பளைன்னு வழிமறிச்சானுங்க. இப்ப இவனுங்க ஆம்பளைன்னு வழிமறிக்கிறானுங்க."

அவள் அம்மா அழ ஆரம்பித்திருந்தாள். ஊரில் இரண்டு தினுசாகப் பேச்சு கிளம்பியிருந்தது: மாப்பிள்ளைக்கு ஏதோ குறை என்று ஒன்று, பெண்ணுக்கு மனமில்லை என்று இன்னொன்று. மார்செய் மாமா தொலைபேசியில், "பெட்டியைக் கட்டட்டுமா, அவிழ்க்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அழைப்பிதழ் வந்தது. யாஸ்மின் அமைப்பின் ஆண்டு விழா, தலைநகரில் ஏரிக்கரை ஹோட்டலில். சிறப்பு கௌரவம்: யாஸ்மினின் முதல் பெண் பங்களிப்பாளர், சகோதரி தல்ஹா.

"நான் போக மாட்டேன்."

"போ," என்றாள் துர்ஸாஃப். "தலைவரு அங்க இருப்பாரு. புல்புலுக்குத்தான் கண்ணு கிடையாது. அந்தாளுக்கு இருக்கும்ல? போய் முன்னால நில்லு."

ஹோட்டல் வாசலில் எல்லாருக்கும் மல்லிகைச் செண்டு கொடுத்தார்கள். தல்ஹா அந்தக் கடலோரத்து ஆண்களின் வழக்கப்படி அதைக் காதில் செருகிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தான். பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த நிதியுதவிக்காரர்கள். மேடையில் தலைவர், டாக்டர் ஸலாஹுத்தீன், மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நண்பர்களே! யாஸ்மினின் கதவு எப்போதும் திறந்திருக்கிறது. அது எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது என்றால், அதைக் காவல் காக்கவே முப்பது பேர் தேவைப்படுகிறார்கள்! ஒரு காலம் இருந்தது. வெளியிலிருந்து யாரோ ஒரு திருத்தம் அனுப்புவார், நாம் பார்ப்போம், சரியாக இருந்தால் சேர்த்துக்கொள்வோம். அவ்வளவுதான். மென்பொருள் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் நண்பர்களே, அமைப்பு என்று ஒன்று இருந்ததா? இல்லை! இன்று இருக்கிறது!"

கைதட்டல்.

"சென்ற ஆண்டு வந்த பங்களிப்புகள் அத்தனையையும் நாம் வெற்றிகரமாக நிர்வகித்தோம். எத்தனையை ஏற்றுக்கொண்டீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன்: ஏற்றுக்கொண்டுவிட்டால், அப்புறம் நிர்வகிப்பதற்கு என்ன மிச்சமிருக்கும்?"

அரங்கம் எழுந்து நின்றது. பிறகு சகோதரி தல்ஹாவை மேடைக்கு அழைத்தார்.

தல்ஹா எழுந்தான். படியேறினான். மேடைப் பலகை கிறீச்சிட்டது. தலைவர் மீசையைப் பார்த்தார். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். மறுபடி மீசையைப் பார்த்தார். காகிதத்தை நம்புவதென்று முடிவு செய்தார்.

"வாருங்கள், சகோதரி!"

தல்ஹா மைக் அருகே குனிந்தான். "நான் ஆம்பளைங்க."

தலைவர் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "கேட்டீர்களா! நம் மேடையிலேயே நின்று, நம் மென்பொருளின் குறையைத் துணிந்து சுட்டிக்காட்டுகிறார் சகோதரி! இதுவல்லவா திறந்த பண்பாடு!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. புகைப்படக்காரர், "லல்லா, கொஞ்சம் இந்தப் பக்கம் சிரிங்க," என்றார்.

மேடைக்குப் பின்னால் தல்ஹா தலைவரைச் சுவரோரம் மடக்கினான். உடற்பயிற்சி ஆசிரியருக்கு அது கஷ்டமான காரியமில்லை.

"டாக்டர், என்னைப் பாருங்க."

"பார்க்கிறேன், சி தல்ஹா. எனக்கும் கண்ணு இருக்கு." டாக்டர் ஸலாஹுத்தீன் குரலைத் தாழ்த்தினார். "ஆனா நீங்களே யோசிங்க. உங்க திருத்தத்தை ஏத்துக்கிட்டா நீங்க ஆம்பளை ஆயிடுவீங்க. ஆயிட்டீங்கன்னா எங்க பெண் பங்களிப்பாளர் எண்ணிக்கை என்னாகும்?"

"என்னாகும்?"

"பூஜ்யம்! போன மாசம் வரைக்கும் பூஜ்யமாத்தான் இருந்துச்சு. இப்ப ஒண்ணு. அறிக்கையில இதை எத்தனை மடங்கு வளர்ச்சின்னு போடறதுன்னே எங்க கணக்காளருக்குத் தெரியல. பூஜ்யத்தால வகுக்க முடியாதாம், பாவம் திணர்றாரு."

"நிஜமான பொம்பளை ஒருத்தி அதே திருத்தத்தை அனுப்பினாளே? துர்ஸாஃப்?"

தலைவர் நினைவுபடுத்திக்கொண்டார். "ஓ, அவரா? கொஞ்சம் முரட்டு ஆள். எழுத்துலயே தெரியுது. அவரை நிராகரிச்சுட்டோம்." தல்ஹாவின் தோளைத் தட்டினார். "நிதி அறிக்கை செப்டம்பர்ல போயிடும். அதுவரைக்கும் எங்களுக்காகப் பொம்பளையா இருங்க, தம்பி. உங்களுக்கு என்ன செலவு?"

அறைந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. காதில் மல்லிகையை வைத்துக்கொண்டு ஒரு கிழவரை அடிப்பது எப்படியோ இருந்ததால் விட்டுவிட்டு, பகிர்வு வேனில் ஏறி ஊர் திரும்பினான். கேலி, பத்திரம், ஊசி எல்லாவற்றையும் தாங்கியாயிற்று. சனிக்கிழமை மண்டபத்துக்கு வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்பதுதான் தாங்கவில்லை.

துர்ஸாஃப் ஐஸ் ஃபேக்டரி வாசலில் லாரிக்குக் கையசைத்துக்கொண்டே கதை முழுவதையும் கேட்டாள். பூஜ்யத்தால் வகுக்கிற இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. இவளும் பதிலுக்குக் கத்தினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யாஸ்மினுக்கு ஆட்சேபம் இல்லைன்னு மொங்கி சொன்னாருல்ல? எனக்கும் இல்ல. நான் மாப்பிள்ளையா இருந்துட்டுப் போறேன்."

"அப்ப நான்?"

"நீ அழகா உட்காரு."

"வெளையாடாதே. உனக்கு வெட்கமா இல்லையா?"

அவள் கையுறையைக் கழற்றினாள். "தல்ஹா, நான் உன்னைத்தான் கட்டிக்கிறேன். உன் பேரு எந்தக் கட்டத்துல கிடக்குதுங்கறதையா கட்டிக்கிறேன்?"

ஐஸ் கட்டியைத் தூக்குகிறவன்போல அவளை அப்படியே தூக்கினான். லாரிக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தார்கள்.

சனிக்கிழமை, நகராட்சித் துணைத்தலைவர் திரையைப் பார்த்து, குரல் நடுங்காமல் வாசித்தார்: "மணமகள் தல்ஹா, மணமகன் துர்ஸாஃபை மணக்கச் சம்மதமா?"

"சம்மதம்," என்றான் தல்ஹா, மைதானத்தில் மாணவர்களை ஓடச் சொல்லும் அதே குரலில். துர்ஸாஃப், மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரவேண்டிய மஹராக, ஒரு தினார் நாணயத்தை அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். பெண்கள் நாவைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். "லல்லா தல்ஹா வாழ்க!" என்று காபிக் கடைக்காரர் கத்தினார். மஹ்தியா மேளக்காரர்கள் யார் பக்கம் திரும்பி மாப்பிள்ளைப் பாட்டைப் பாடுவது என்று தெரியாமல், இரண்டு பக்கமும் மாறி மாறித் திரும்பிப் பாடினார்கள். மார்செய் மாமா குளிர்பதனப் பெட்டியைச் சுற்றியே ஆடினார்.

ஹாஜ் கமைஸ் மட்டும் பதிவுத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "டிக்கெட் ரெண்டும் செல்லும்," என்று சம்பந்தியிடம் சொன்னார். "சீட்டுதான் மாறி உட்கார்ந்திருக்காங்க."

செப்டம்பர் வந்தது. ஒரு மாலை, தல்ஹாவும் துர்ஸாஃபும் கடற்கரையில் தர்பூசணி வெட்டித் தின்றுகொண்டிருந்தபோது, மணலில் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு மொங்கி மூச்சிரைக்க வந்தார்.

"நல்ல செய்தி, சி தல்ஹா! நிதி அறிக்கை போயிடுச்சாம். உங்க திருத்தத்தை ஏத்துக்கிட்டாங்க. இன்னிக்குக் காலையிலேருந்து நீங்க ஆம்பளை!"

தல்ஹா எழுந்து கைகுலுக்கினான். துர்ஸாஃப் ஒரு துண்டு நீட்டினாள். மொங்கி அதை வாங்கிக்கொண்டார், ஆனால் கடிக்கவில்லை.

"அப்புறம் என்னன்னா, யாஸ்மின் பழைய கல்யாணங்களையும் ஒரு தடவை சரிபார்த்துச்சு. உங்களோடதுல மணமகள் கட்டத்துல ஒரு ஆம்பளை. மணமகன் கட்டத்துல ஒரு ஆம்பளை. அதனால எடுத்துடுச்சு."

"எதை?"

"கல்யாணத்தை."

"அப்ப மறுபடி பண்ணிக்கறோம்," என்றான் தல்ஹா.

"பண்ண முடியாதே. ரெண்டு மாப்பிள்ளையா நிக்குதே. இனிமே லல்லா துர்ஸாஃபைப் பொம்பளைன்னு யாராவது திருத்தி அனுப்பணும். இது திறந்த மூலம்தான், யாரு வேணாலும்…" என்று தொடங்கியவர், தல்ஹாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "அதுவரைக்கும் உங்க ரெண்டு பேருக்கும் என்ன உறவுன்னு நான் போடறது? ஒரே வீட்டுல இருக்கீங்க. கட்டம் காலியா இருந்தா யாஸ்மின் அடுத்த பக்கத்துக்கு விடாது."

துர்ஸாஃப் விதைகளை ஒவ்வொன்றாகக் கடல் பக்கம் துப்பிவிட்டு யோசித்தாள்.

"அக்கம்பக்கத்துக்காரங்கன்னு போடுங்க, சி மொங்கி. ரொம்ப நெருக்கமான அக்கம்பக்கம்."

மொங்கி அதைச் சொல் பிசகாமல் கையில் எழுதிக்கொண்டு மொபெட்டைத் திருப்பினார். தல்ஹா சிரித்த சிரிப்பில் தர்பூசணி விதை மூக்குக்குள் ஏறிவிட்டது. இருட்டும்வரை தும்மிக்கொண்டே இருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை அவன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.